உண்மையை டிக் அடித்த ஷீபா

ஷீபாவுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம்தான். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. பைக் கவிழ்ந்து ஆள் கிடக்கிற இடத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து, "மூஞ்சி சரியா விழுந்துச்சா தம்பி? திருப்பிப் போடச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரை இறக்குவாள். நெஞ்சு வலி என்று துடிக்கிற மனுசனுக்கு ரெண்டு மணி நேரமாகச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆம்புலன்சுக்கு போன் போட்டு, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று சண்டைக்கு வருகிற சொந்தக்காரர்களிடம், "சோடா தீந்துருச்சாக்கும்?" என்பாள். எதிரே நிற்பவர் ஊர்த் தலைவராக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஆவூரில் பிறந்தவள். திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்து நர்சிங் டிப்ளமா முடித்தாள். ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் ஆம்புலன்ஸ் சேவையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதின்மூன்று வருசம் ஆகிறது. கீரனூருக்கு மேற்கே ஒரு கூட்ரோட்டில், சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் அவளுடைய வண்டி நிற்கும் இடம். வண்டிக்கு இரண்டு பேர். ஓட்ட ஒருவர், நோயாளியைப் பார்க்க ஒருவர். புருசன் சிங்கப்பூரில் வெல்டர். பிள்ளை இல்லை. "விசேசம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்கிறவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறாள். ஒரு தடவை கேட்டவர் மறு தடவை கேட்டதில்லை.

அவள் வேலையில் இறங்கிய மூன்றாவது வருசம் ஒன்று நடந்தது. மூச்சுத் திணறல் உள்ள ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தால் காற்றே வரவில்லை. முந்தைய ஷிப்டு ஆள் பதிவேட்டில் 'நிறைந்துள்ளது' என்று அழகாக டிக் அடித்து வைத்திருந்தான். பெரியவர் புதுக்கோட்டை போய்ச் சேரவில்லை. டிக் அடித்தவன் பத்து நாள் சோகமாகத் திரிந்தான். பதினோராவது நாள் பழையபடி டிக் அடிக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு ஷீபா தன் கண்ணால் பார்க்காத எதற்கும் டிக் அடித்ததில்லை. காலை எட்டு மணிக்கு ஷிப்டு மாறியதும் சிலிண்டரைத் திறந்து உள்ளங்கையில் காற்றை வாங்கிப் பார்ப்பாள். கையுறைகளை எண்ணுவாள். சளி உறிஞ்சும் மிஷினை ஓட்டிப் பார்ப்பாள். மற்ற வண்டிகளில் ரெண்டு நிமிசத்தில் முடிகிற வேலை அவளுக்கு முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போன பிறகும், படுத்த பிறகும், அந்த வால்வை மூடினோமா இல்லையா என்று மனசு திரும்பத் திரும்ப வண்டிக்கே போகும். அப்படி யோசிக்காமல் தூங்குகிறவர்களை அவள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படித் தூங்குகிறவர்களில் முதல் ஆள் அவளுடைய டிரைவர் வெள்ளைச்சாமி. ஐம்பது வயசு. வாய் நிறைய வெற்றிலை. லாரிக்கு அடியிலிருந்து ஆளை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நாலு புரோட்டா சாப்பிடுவார்.

"எப்படிண்ணே எறங்குது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சால்னா ஊத்துனா எறங்குது."

"நான் அதக் கேக்கல."

"வெளங்குது சிஸ்டர். வண்டியக் கழுவியாச்சுன்னா அந்தக் கேஸ் அங்கிட்டு, நாம இங்கிட்டு. ரெண்டையும் ஏன் ஒரே எலையில போட்டுப் பெசையணும்?"

ஷீபா அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அந்த ஆளுக்கு உடம்பில் தோல் இல்லை, தகரம் அடித்திருக்கிறது என்றாள். நோயாளி மயக்கத்தில் கிடந்தாலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற நடுக் கண்ணாடி ஜன்னல் வழியாக, "எந்த ஊரு? மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அதுவும் அவளுக்குப் பிடிக்காது. வளவளப்பு என்பாள்.

ரெண்டு வருசமாக அவளிடமும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் ஏற்றுகிறவரின் பேரைக் கேட்பாள். இப்போது பைக் கேஸ், மருந்துக் கேஸ், வயித்துக் கேஸ். பேர் எழுத வேண்டிய இடத்தில் கூட வருகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அருளம்மாள் கேட்டாள்.

"ஏண்டி, ஒனக்கு எல்லாரும் முட்டாளாவே தெரியுறாங்களே, அது எப்படி?"

"முட்டாளா இருக்குறதாலதான்."

"பூசை வச்ச சாமியாருமா?"

"அவருக்கு மைக்குல பேசவே தெரியல."

அருளம்மாள் மகளின் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆகஸ்டில் அந்தப் பயிற்சி வந்தது. 'மன அழுத்த மேலாண்மை ஒருநாள் முகாம்.' புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மாவட்டத்தில் அந்தச் சேவையில் இருக்கிற நாற்பத்தொரு பேரும் இரண்டு பகுதியாக வர வேண்டும். முந்தின கல்யாணத்துக் கட்டவுட்டில் மாப்பிள்ளையும் பொண்ணும் கும்பிட்டபடி நிற்க, அதற்குக் கீழே சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கழுத்தில் அட்டையும் காதில் மைக்குமாக நின்றார். அவர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஆம்புலன்சில் ஏறியிருப்பாரா என்று ஷீபா பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டாள். விடை, இல்லை.

ஆளுக்கு ஒரு பலூன் கொடுத்தார்கள். "உங்க ஸ்ட்ரெஸ் எல்லாத்தையும் இதுக்குள்ள ஊதுங்க. அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து உடைக்கப் போறோம்!" என்றார் பயிற்சியாளர். மீசை நரைத்த டிரைவர்கள் எல்லாம் கன்னம் உப்ப ஊதினார்கள். கீரனூர்க்கார டெக்னீஷியன் லியோன் தன் பலூனைக் கட்டாமல் விட்டுவிட, அது விர்ரென்று பறந்து போய் மேற்பார்வையாளர் அருள்மணியின் வழுக்கையில் இடித்தது. மண்டபமே சிரித்தது. ஷீபா மட்டும் பலூனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"நீங்க ஏன் மேடம் ஊதல?"

"போன வாரம் ஒரு கைக்குழந்தைக்கு வாயோட வாய் வச்சு ஊதுனேன் சார். பதினெட்டு நிமிசம். அந்த மூச்ச இதுல ஊதி வீணாக்க வேண்டாம்னு பாக்குறேன்."

பயிற்சியாளர், "சூப்பர், சூப்பர்" என்றார். அவருக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டிருக்கும். அல்லது பாராட்டு மாதிரிக் கேட்டுக்கொள்வதும் அவருடைய பயிற்சியில் ஒன்றாக இருக்கும்.

சமோசாவுக்குப் பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எப்போதும்', 'சில நேரம்', 'ஒருபோதும் இல்லை' என்று மூன்று கட்டம். யார் எந்தக் குணம் உள்ளவர், யாரை இந்த வேலை சீக்கிரம் அரித்துத் தின்னும் என்று கண்டுபிடிக்கிற படிவமாம். படிவம் கைக்கு வந்த மறு நிமிசமே மண்டபத்தில் ஒரே ஒரு கேள்விதான் சுற்றியது. எதைப் போட்டால் வண்டியிலேயே விட்டுவைப்பார்கள்?

இந்தச் சேவையில் ஒரு பழக்கம் உண்டு. மாசக் கடைசியில் பதிவேடு நிரப்ப வேண்டி வந்தால், பொறுமை உள்ள ஒருவரிடம் எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அவரே எல்லா நாளுக்கும் எல்லா டிக்கும் அடித்து முடிப்பார். அன்றைக்கு அந்தப் பொறுமைசாலி வெள்ளைச்சாமி. ஒன்பது பேருடைய படிவத்தையும் அடுக்கி வைத்துக்கொண்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக 'ஒருபோதும் இல்லை' வரிசையில் கோலம் போடுவதுபோல டிக் அடித்துக்கொண்டே போனார்.

ஷீபா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இருபத்தி நாலாவது என்னன்னு படிச்சீங்களா?"

"என்னவாம்?"

"'குடும்பத்தாரிடம் அன்பாகப் பேசுகிறேன்.' நீங்க ஒருபோதும் இல்லன்னு போட்டிருக்கீங்க."

"ஒம்பது பேருக்குமா?"

"ஒம்பது பேருக்கும்."

"விடுங்க சிஸ்டர். எம் பொண்டாட்டியக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவா."

ஷீபா தன் படிவத்தை மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்து நிரப்பினாள். 'காலையில் எழும்போதே களைப்பாக உணர்கிறேன்.' எப்போதும். 'சிறு பிழைகூட என்னைத் தூங்க விடுவதில்லை.' எப்போதும். 'நான் உதவி செய்கிற மனிதர்கள்மேல் எனக்கு அக்கறை குறைந்து வருகிறது.' இந்த இடத்தில் பேனா நின்றது. பொய் சொல்வது கஷ்டம் என்பதால் நிற்கவில்லை. படிவத்தை எழுதியவன் முட்டாளாக இருந்தும் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டானே என்கிற ஆத்திரத்தில் நின்றது. எப்போதும் என்று டிக் அடித்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, அருள்மணி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அருள்மணி ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர்தான். நாற்காலி கிடைத்ததும் முதுகு வலி வந்து, முதுகு வலி வந்ததும் வண்டிப் பக்கம் போவதை விட்டுவிட்டார். மேசைமேல் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"நாப்பத்தோரு பேரு. நாப்பது பேரு பச்சை. நீ ஒருத்தி செவப்பு."

"வெள்ளைச்சாமி அண்ணன்?"

"பச்சைதான். மாவட்டத்துலயே நல்ல மார்க்கு."

"அவரு பொண்டாட்டிகிட்ட ஒருநாளும் அன்பாப் பேசுறதில்லன்னு எழுதியிருக்காரு. பாத்தீங்களா?"

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா? கூட்டித்தான் பாக்குறாங்க." அருள்மணி குரலைத் தணித்தார். "இங்க பாரு. செவப்பு வந்த ஆள வண்டியில வச்சிருக்கக் கூடாதுன்னு சென்னையில சொல்லிட்டாங்க. ஒண்ணாந் தேதியிலேருந்து ஒன்ன ஆபீசுக்கு எடுத்துருவோம். போன்ல கூப்பிட்டு, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?'ன்னு கேக்குற வேல. ஏசி ரூம்."

ஷீபா தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். வண்டியின் பின்கதவு சாத்தியதும் உள்ளே இருக்கிற ஆறடிக்கு எட்டடி இடம், உலகத்தில் அங்கே மட்டும்தான் அவளுக்குத் தன்மேல் இளக்காரம் கிடையாது. அங்கே அவள் செய்வதெல்லாம் சரியாக இருக்கும். வேறு எவனும் அப்படிச் செய்யமாட்டான். அதைப் பிடுங்கிவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அது அவளுக்கே தெரியும்.

"எறங்கமாட்டேன் சார்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு. மறுமதிப்பீடுன்னு இன்னொரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. திங்கக்கெழம காலையில நானே கொண்டாரேன். மத்தவங்க எப்படிப் போட்டாங்களோ அப்படிப் போட்டுரு. வெள்ளைச்சாமிகிட்டயே குடுத்துரேன், அடிச்சுத் தருவாரு."

அன்றைக்கு வண்டிக்குத் திரும்பியதும் வெள்ளைச்சாமியிடம் சொன்னாள். "திங்கக்கெழம நாப்பத்தெட்டுக்கும் ஒருபோதும் இல்லன்னு போடப் போறேண்ணே. முட்டாப் பயலுகளுக்கு முட்டாத்தனமான பதிலுதான் சரி."

"அதான் சிஸ்டர் புத்திசாலித்தனம்" என்றார் அவர் சந்தோசமாக. அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஒரு அழைப்பு வந்தது. தைலமரக் காட்டுக்கு நடுவில் ஒரு தனி வீடு. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், பேர் இனியா, வயிற்று வலி, ரெண்டு தடவை வாந்தி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் போட்டிருந்தார். வண்டி போய் நின்றபோது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையோடு பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்காக அடித்துக்கொள்ளவில்லை, வெட்கத்தில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்கள வேற தொந்தரவு பண்ணிப்புட்டாகளேம்மா. இன்னைக்குக் காலாண்டு, கணக்குப் பரீட்ச. கணக்குன்னா இவளுக்கு வயித்து வலி வந்துரும். போன வருசமும் இப்படித்தான்."

"அதான பாத்தேன்" என்றாள் ஷீபா.

அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியது இதுதான். முப்பது கிலோமீட்டருக்கு இருக்கிற ஒரே வண்டி, கணக்குப் பரீட்சைக்குப் பயந்த கழுதைக்காக வந்து நிற்கிறது. வாசலில் மூன்று பேர் வேடிக்கை. அம்மாக்காரி வீட்டைப் பூட்டச் சாவியைத் தேடுகிறாள், பிறகு நல்ல சேலை மாற்றப் போகிறாள். போகட்டும், மெதுவாகவே வரட்டும். ஷீபா பிள்ளையை வண்டியில் ஏற்றினாள். நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். ரெண்டும் சரியாக இருந்தது. பிறகு மடியில் நோயாளிப் படிவத்தை வைத்துக்கொண்டு மளமளவென்று கட்டங்களை நிரப்பினாள். மூச்சு, இயல்பு. கண், இயல்பு. பேச்சு, இயல்பு. கிளம்பவே பன்னிரண்டு நிமிசம் ஆனது. கீரனூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று வெள்ளைச்சாமியிடம் சொன்னாள்.

மண் ரோட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் வெள்ளைச்சாமி வழக்கம்போல நடுக் கண்ணாடியைத் தள்ளினார்.

"ஏம்பாப்பா, கணக்குல எத்தன மார்க்கு வாங்குவ?"

பிள்ளை ஏதோ சொன்னாள்.

"என்ன பாப்பா, வாய்க்குள்ள புட்டு வச்சிருக்கியா? தெளிவாச் சொல்லு. எத்தன?"

மறுபடியும் ஏதோ குழறலாக வந்தது. வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"சிஸ்டர், இந்தப் புள்ள பேச்சு இப்படித்தானா? அம்மாவக் கேளுங்க."

அம்மாக்காரி, "இல்லையே! இவ வாய் ஊரறிஞ்ச வாயாச்சே!" என்றாள்.

ஷீபா அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டு வாசலில் இறங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. ரெண்டு கண்ணிமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது. "மேல பாரு" என்றாள். பிள்ளை பார்க்க முயன்றாள். இமை ஏறவில்லை. கடைவாயில் எச்சில், அதை விழுங்க முடியவில்லை.

"ராத்திரி எங்க படுத்திருந்தா?"

"கீழதாம்மா. பாயில."

கட்டுவிரியன். தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போகும். கடித்த இடம் தெரியாது, வீங்காது, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. விடிந்ததும் வயிற்றைப் பிசையும். பிறகு இமை இறங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். பயிற்சி வகுப்பில் அவளே மற்றவர்களுக்குப் பத்து தடவை சொல்லிக் கொடுத்த பாடம் இது.

"அண்ணே, கீரனூர் வேண்டாம். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க. பறங்க."

வெள்ளைச்சாமி ஆக்சிலேட்டரை மிதித்தார். சைரன் அலறியது. ஷீபா ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசமும் தயாராக இருக்கச் சொன்னாள். நார்த்தாமலை தாண்டும்போது பிள்ளையின் மூச்சு மேலோட்டமாகப் போனது. காற்றுப் பையை முகத்தில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. எதிரே அம்மாக்காரி, "பரீட்சக்கி நடிக்கிறான்னு சொன்னேனே, நாஞ் சொன்னேனே" என்று நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தாள். ஷீபாவிடம் அவளுக்குச் சொல்ல வழக்கமான குத்தல் பேச்சு ஒன்றுகூட இல்லை. அம்மாக்காரி பெத்தவள், பாடம் படிக்காதவள். பாடம் படித்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உள்ளே கொண்டுபோன டாக்டர், "கண்ண எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார். ஷீபா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பதுக்கு, நீல மையில், கண் இயல்பு. அதை அப்படியே கொடுத்துவிட்டு, ஒன்பது ஐந்துக்குத் திடீரென்று இமை இறங்கியது என்று சொல்லியிருந்தால் ஒருத்தனும் கேட்கப்போவதில்லை. அவள் அந்த டிக்கின் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "ஒம்போது அஞ்சுக்கு சார். முன்னாடியே பாத்திருக்கணும்" என்றாள்.

வண்டியைக் கழுவும்போது வெள்ளைச்சாமியிடம் கேட்டாள். "ஒங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?"

"எனக்கு என்ன தெரியும்? நான் பேசுனேன், பதிலு சரியா வல்ல. அம்புட்டுத்தான்."

"நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீக" என்றார் அவர், குற்றமாகச் சொல்லாமல். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார். அவள் அந்த ஆளை என்றைக்கும்போல வெறுக்கப் பார்த்தாள். வரவில்லை. அந்த வெறுப்பெல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் அவள்மேலேயே திரும்பியது.

சனியும் ஞாயிறும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இனியாவின் இமை ஏறியது. குழாய் இன்னும் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் பிழைத்துவிடுவாள் என்று நர்ஸ் சொன்னாள். ஷீபா வார்டுக்குள் போகவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அந்த நாற்பத்தெட்டு வாக்கியங்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பலூன் ஊதச் சொன்ன கூட்டம், படிக்காமல் கூட்டிப் போட்ட கூட்டம், அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவள் விஷயத்தில் மட்டும் அவர்கள் தாள் சரியாகச் சொல்லிவிட்டது. அவள் எரிந்து முடிந்திருந்தாள். முட்டாளிடம் தோற்றது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொட்டகை வாசலில் அருள்மணியின் கார் வந்து நின்றது. இரவு ஷிப்டுக்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். வெள்ளைச்சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் வண்டிய விட்டு எறங்கிக்கிறேன்" என்றாள் ஷீபா, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ஆபீசும் வேண்டாம். ஒரு மாசம் லீவு குடுங்க. தூங்கணும். அப்புறமும் சரியாகலன்னா ஆபீசுல வந்து ஒக்காந்துக்கிறேன்."

அருள்மணி சிரித்தார். "அதெல்லாம் வேண்டாம்மா. ஒன் ஃபார்ம நானே முடிச்சு அனுப்பிட்டேன். நீ இப்ப பச்ச. நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு. சென்னையில ஒரே பாராட்டு."

"என் கையெழுத்து?"

"போட்டாச்சு. ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பதிமூணு வருசமாப் பாக்குறேன்."

"போன வாரம் நான் வண்டியில இருக்கக் கூடாதுன்னீங்க."

"அது போன வாரம். ஒனக்குப் பதிலா ஆள் போட யாரு இருக்கா? ரெண்டு பேரு வேற வேலைக்கிப் போயிட்டானுக."

"வெள்ளிக்கெழம ஒரு புள்ளயக் கொன்னுருப்பேன் சார்."

"கொல்லலையே. உசுரோடதான இருக்கு? விடு. போய் வண்டியில ஏறு, மணி எட்டாச்சு."

"ஏறமாட்டேன்."

அருள்மணியின் முகம் மாறியது. டெக்னீஷியன் இல்லாமல் நிற்கிற வண்டி கணக்கில் 'ஆஃப் ரோடு'. அது உடனே சென்னையில் உள்ள பலகையில் தெரியும். "வண்டி ஆஃப் ரோடு ஆயிருச்சுன்னா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும்ல? இந்தப் பக்கம் எவனாவது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தா, புதுக்கோட்டையிலிருந்துதான் வண்டி வரணும். நாப்பது நிமிசம். அந்தப் பாவம் ஒனக்குத்தான்."

அது சரியாகப் போய்க் குத்தியது. அந்த ஆளுக்குப் பாவத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை, பலகையைப் பற்றித்தான் கவலை. ஆனாலும் நாற்பது நிமிசம் என்பது நிஜம். ஷீபாவின் கால் தன்னாலே வண்டிப் படியில் ஏறியது. இந்தக் குணத்தை வைத்துத்தான் இத்தனை வருசமும் அவளை ஓட்டியிருக்கிறார்கள். ஏறினால் இன்றைக்கும் பார்க்காமல் எழுதுவாள். இறங்கினால் யாரோ ஒருவர் வண்டி வராமல் கிடப்பார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள்.

வெள்ளைச்சாமி துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"மாப்ள லியோனு, எந்திரிச்சிட்டியா? இல்லாட்டி எந்திரி. நம்ம சிஸ்டருக்கு முடியல. ஒரு மாசத்துக்கு... ஆமா, நீயும் நைட்டுக்காரனும் மாத்தி மாத்திப் பாத்துக்கங்க. இன்னைக்கு ஒனக்கு லீவுதான, நீ வா. சட்டைய வந்து மாட்டிக்க, வா."

இருபது நிமிசத்தில் லியோன் பைக்கில் வந்து இறங்கினான். தலையில் ஈரம் சொட்டியது. அந்த இருபது நிமிசமும் ஷீபா படியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஏங்க்கா, எப்பயோ கேட்டிருக்கலாம்ல?" என்றான் லியோன். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு, காய்ச்சலுக்கு, தலவலிக்கெல்லாம் நாங்க மாத்திக்கிறதுதான். நீங்கதான் எங்களக் கேக்குறதே இல்ல."

கேட்டதில்லைதான். கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவளுக்கு வேலை தெரியாதவன் கையில் வண்டியைக் கொடுக்க மனசு வராது, வேலை தெரிந்தவன் என்று அவள் யாரையும் ஒத்துக்கொண்டதும் கிடையாது. "சரி, ஏறு" என்றாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. லியோனும் அதை எதிர்பார்க்கவில்லை.

லீவு விண்ணப்பத்தை அருள்மணியின் கார்மேலேயே வைத்து எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'நோயாளியின் முகத்தைப் பார்க்காமலேயே இயல்பு என்று எழுதிவிட்டேன். வேலை என்னைத் தீர்த்துவிட்டது. ஓய்வு வேண்டும். என் பெயரில் வந்த இரண்டாவது படிவம் நான் எழுதியது அல்ல' என்று எழுதினாள். அதற்குள் வண்டியின் போன் அடித்தது. கீரனூர் பக்கம் பஸ்ஸிலிருந்து விழுந்த ஒரு அம்மா. வண்டி சைரனோடு கிளம்பிப் போனது. வெள்ளைச்சாமி நடுக் கண்ணாடி வழியாக லியோனிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பினார்.

அருள்மணி விண்ணப்பத்தைப் படித்தார். ரெண்டாவது தடவையும் படித்தார். வேர்த்தது.

"ஷீபா, இது என்னம்மா இது? காய்ச்சல்னு ஒரு வார்த்த மாத்தி எழுதிக் குடு. ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் தாரேன்."

"நீங்களே மாத்திக்கங்க சார். என் கையெழுத்துதான் ஒங்களுக்கு அழகா வருதே."

"இப்படிப் பேசாதம்மா..."

"ஆனா ஒண்ணு" என்றாள் ஷீபா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "நீங்க வண்டியப் பாத்துக்கிட்டு நின்னப்பவே இத போட்டோ எடுத்துச் சென்னை ஆபீசுக்கு அனுப்பியாச்சு. மாத்துறதுன்னா அங்கயும் போய் மாத்தணும். பஸ்ஸு வந்துருச்சு, நான் வாரேன்."